நானூற்றைம்பது சதுர அடி ஆடு

உலகத்தில் தப்பே நடக்காத ஆபீஸ் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஆம்பூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது.

லோகநாதன் இதை விளையாட்டுக்குச் சொன்னதில்லை. குடியாத்தத்திலிருந்து கிளம்பும் காலை பஸ்ஸில், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், பேரணாம்பட்டுக் கைகாட்டி தாண்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுவான். கேட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் ஆம்பூர் வரைக்கும் விளக்கம் கேட்க வேண்டும் என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆபீஸின் பெயர் வட ஆற்காடு தோல் அளவுச் சரிபார்ப்பு வாரியம். தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்கள் இத்தனை தோல், ஒவ்வொன்றும் இத்தனை சதுர அடி என்று எழுதிக்கொண்டு வருவார்கள். வாரியம் அதைச் சரிபார்த்து முத்திரை குத்தினால்தான் சரக்கு மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரி ஏறும். தோலை யாரும் பார்ப்பதில்லை. தோல் நாறும். எண்களை மட்டும் பார்ப்பார்கள்.

சரிபார்ப்பது மூன்றாம் பிரிவு. அதில் ஆறு பேர். தலைமைச் சரிபார்ப்பாளர் லோகநாதன் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவான். அடுத்தவர் பச்சை. அதற்கடுத்தவர் நீலம். இப்படியே போய்க் கடைசியில் சம்பத் கறுப்பில் ஒரு டிக் போட்டு முடிப்பான். சரிபார்த்த தாள் வெளியே வரும்போது கோயில் கொடி மாதிரி இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சாஸ்திரம் இருந்தது. அதை வருஷத்துக்கு ஒரு முறையாவது டைரக்டர் வேதாசலம் எழுந்து நின்று விளக்குவார். பெங்களூரில் ஏதோ கருத்தரங்கில் 'நிகழ்தகவு' என்ற வார்த்தை அவருக்குக் கிடைத்திருந்தது. கிடைத்ததிலிருந்து அதை அவர் கீழே வைக்கவே இல்லை.

"ஒரு மனுஷன் பத்து தப்புல ஒண்ணை விட்டுடுவான். இது மனித இயற்கை. அந்த ஒண்ணை இன்னொருத்தன் பார்த்தா? பத்துல ஒண்ணு, அதுல பத்துல ஒண்ணு. நூத்துல ஒண்ணு. மூணாவது ஆள் பார்த்தா ஆயிரத்துல ஒண்ணு. நாம ஆறு பேர் வெச்சிருக்கோம். பத்து லட்சத்துல ஒண்ணு! நம்ம வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதுவரைக்கும் ஒன்பது லட்சம் எண்ணைத்தான் பார்த்திருக்கு. ஆகவே, நண்பர்களே, முதல் தப்பு நடக்கறதுக்கே நமக்கு இன்னும் அவகாசம் இருக்கு."

எல்லோரும் கைதட்டுவார்கள். லோகநாதன் கொஞ்சம் அதிகமாகத் தட்டுவான்.

வேலை எப்படி நடந்தது என்றால், முதலில் டிக் போடுகிற லோகநாதனுக்குத் தனக்குப் பின்னால் ஐந்து பேர் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். கடைசியில் போடுகிற சம்பத்துக்குத் தனக்கு முன்னால் ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள் என்ற தைரியம். நடுவில் இருந்த நாலு பேருக்கும் இரண்டு தைரியமும் சேர்ந்து இருந்தது. ஆகவே மூன்றாம் பிரிவில் யாருக்கும் எதற்கும் பயமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எண்பத்தேழில் மெட்ராஸ் தலைமையகம் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஒரு ஆளை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமாம். தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒருவன் லோகநாதன். இன்னொருவன் அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த, அதே குடியாத்தத்துக்காரனான, பஸ்ஸில் அவனுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கிற நந்தகோபால். அவன் பதிவேட்டுப் பிரிவில் இருந்தான். டைரக்டர் இரண்டு பெயரையும் எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கி, "பாதிக்குப் பாதி நிகழ்தகவு" என்று சொல்லிவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். லோகநாதன் பெயர் வந்தது.

லோகநாதன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஏழும் எட்டும் எவ்வளவுன்னு ஒரு டப்பாவைக் கேட்டுத் தெரிஞ்சுக்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகலை சார்."

ஆபீஸே சிரித்தது. சம்பத் மேஜையைத் தட்டினான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் லோகநாதனுக்கு அந்த வாக்கியம் இனித்தது. நந்தகோபால் மெட்ராசுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது சித்திரை வெயில். ஆம்பூரில் நாய்கள் கூடப் பாலாற்று மணலில் கால் வைக்காத சமயம். அப்போதுதான் அந்த மெஷினால் சூடு தாங்க முடியாது என்கிற விஷயம் வெளியே வந்தது. மனிதர்கள் தாங்குகிற வெயிலை அது தாங்காதாம். எனவே ஆபீஸின் ஒரு மூலையைக் கண்ணாடியால் அடைத்து, ஏசி வைத்து, உள்ளே மெஷினையும் அதன் எதிரில் நந்தகோபாலையும் உட்கார வைத்தார்கள்.

ஏசியின் பின்பக்கத்தை வெளிச்சுவரில் வைத்திருக்கலாம். ஆனால் அங்கே வாரியத்தின் பெயர்ப்பலகை இருந்தது. பலகையை நகர்த்தத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். அதனால் பின்பக்கம் மூன்றாம் பிரிவைப் பார்த்தபடி வைக்கப்பட்டது. அதற்கு நேர் எதிரே லோகநாதனின் நாற்காலி. நந்தகோபாலுக்கு எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவும் லோகநாதனின் கழுத்தில் சுட்டது. நந்தகோபால் குளிரைக் கூட்டினால் லோகநாதனுக்கு உடனே தெரிந்துவிடும்.

பத்தாவது நாள் நந்தகோபால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான். ஆம்பூரில். கத்திரி வெயிலில். பஸ்ஸில் ஏறியதும் மடித்து மடியில் வைத்துக்கொண்டான், அதைக்கூட அடக்கமாக. அந்த அடக்கத்தைத்தான் லோகநாதனால் பொறுக்க முடியவில்லை.

"எங்க வீட்ல சந்திரா பின்னினா," என்றான் நந்தகோபால். "உள்ள ரொம்பப் பேஜாரா இருக்குதுடா, பல்லு கிட்டுது."

"பாவம்," என்றான் லோகநாதன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாவித்திரி சாதம் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நந்தகோபால் அண்ணனுக்கு ஆபீஸ்ல ஊட்டி மாதிரி இருக்குதாமே."

"சாம்பார் ஊத்து."

"உள்ள இன்னாமோ பெட்ஷீட்டு விரிக்கிறாராம்ல?"

"பெட்ஷீட்டு இல்லடி. ஸ்ப்ரெட் ஷீட்டு."

"அப்டின்னா?"

லோகநாதன் யோசித்தான். தான் வேண்டாம் என்று சொன்ன ஒன்றைத் தானே விளக்க வேண்டிவந்தது அவனுக்குக் கசந்தது. "பெரிய பேப்பர் மாதிரி. கட்டம் கட்டமா இருக்கும். ஆனா பேப்பர் இருக்காது."

"பேப்பர் இல்லாத பேப்பரா?" சாவித்திரி அவனைப் பார்த்தாள். "நீங்க கூடத்தான் போயிருக்கலாம். சந்திரா சொன்னா, சீட்டு உங்க பேருக்குத்தான் விழுந்துச்சாமே."

அன்றைக்கு லோகநாதன் மோர் சாதம் சாப்பிடவில்லை.

வைகாசி பிறந்த இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம், கண்ணாடிக் கதவு திறந்தது. கொஞ்சம் குளிர்காற்று வெளியே வந்து மூன்றாம் பிரிவின் மேல் பட்டுவிட்டுச் செத்துப்போனது. பின்னாலேயே நந்தகோபால் வந்தான். அவன் கையில் பேரணாம்பட்டு மஹபூப் பாஷா ஷாப்பிலிருந்து வந்த தாள்.

"லோகு, ஒரு நிமிஷம் உள்ள வாயேன்," என்றான் மெதுவாக.

"இன்னா?"

"ஒரு ஆடு... கொஞ்சம் பெருசா இருக்குது."

"இங்கயே சொல்லு."

நந்தகோபால் குரலை இன்னும் தாழ்த்தினான். "ஆட்டுத்தோல் ரெண்டடிக்குக் கீழயும் இருக்காது, ஒன்பதடிக்கு மேலயும் இருக்காதுல்ல? அதுக்கு வெளிய ஏதாவது வந்தா 'தப்பு'ன்னு காட்டச் சொல்லி ஷீட்டுல போட்டு வெச்சேன். இதுல ஒரு தோல் நானூத்தம்பது சதுர அடின்னு இருக்குது. நாலரைக்கு நடுவுல புள்ளி விழலை. யாருக்கும் தெரிய வேணாம், நீயே திருத்திடு."

நண்பனாகத்தான் சொன்னான். லோகநாதனும் தாளைப் பார்த்தான். 450. அதன் தலைக்கு மேல் ஆறு நிறத்தில் ஆறு டிக். முதலாவது சிவப்பு.

சும்மா ஒரு புள்ளி வைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஏசி ஒரு முறை உறுமி, சுடுகாற்றை அவன் பிடரியில் ஊதியது. நந்தகோபாலின் ஸ்வெட்டரில் நாலாவது பொத்தான் வரை போட்டிருந்தது.

"ஆறு டிக் இருக்குதுல்ல?" என்றான் லோகநாதன், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "ஆறு பேர் பார்த்த எண்ணு இது. உன் டப்பா தப்புன்னு சொன்னா டப்பாதான் தப்பு!"

அது டைரக்டர் அறைக்கும் கேட்டுவிட்டது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். டைரக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது தப்புன்னு வெச்சுக்குவோம்," என்றார். "அப்ப நம்ம முதல் தப்பு நடந்துடுச்சுன்னு அர்த்தம். ஆனா கணக்குப்படி முதல் தப்பு வர இன்னும் ஒரு லட்சம் எண் பாக்கி இருக்கு. வாரியத்தோட தப்பு முன்கூட்டியே வராது. ஆகவே இது தப்பு இல்ல. இது தப்பு இல்லேன்னா, நானூத்தம்பது சதுர அடியில ஒரு ஆடு இருந்திருக்கு."

அந்தத் தோலை விரித்தால் குடியாத்தத்தில் நந்தகோபாலின் வீட்டை முழுக்கப் போர்த்தி, பக்கத்துத் தறிக்கூடத்தின் மேலும் கொஞ்சம் விழும்.

"ஆனா நான் ஒருதலைப்பட்சமா நடக்க மாட்டேன்," என்று டைரக்டர் தொடர்ந்தார். "விசாரணை நடக்கும். ஆடு இருந்ததுன்னு நிரூபணமானா மெஷினை அனுப்பிடுவோம். ஆடு இல்லைன்னு ஆச்சுன்னா மூணாம் பிரிவு ஒடுகத்தூர் கிளைக்கு."

வாரியத்துக்கு ஒடுகத்தூரில் ஒரு கிளை இருந்தது. அங்கே தோல் கிடையாது, நிலக்கடலைதான் உண்டு. அந்தக் கிளையை ஏன் திறந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவன் அங்கே மாற்றப்படுவான் என்ற பயம். குடியாத்தத்திலிருந்து வேலூர் போய், பஸ் மாறி, மலையடிவாரம் வரைக்கும் போக வேண்டும். போன ஆள் தலைமைச் சரிபார்ப்பாளராகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே அந்த ஆடு உயிரோடு இருந்தாக வேண்டும். குறைந்தபட்சம் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

முதலில் மெஷின் தரப்பு எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது. நந்தகோபால் நல்ல தமிழில் எழுதினான்: 'மேற்படி ஷீட்டில் மொத்தம் ஐந்நூறு செல்கள் உள்ளன. அவற்றில் ஒரு செல்லில் பிழை. மற்ற செல்கள் அனைத்தும் நன்றாக உள்ளன.'

இதன் நகல் லோகநாதனிடம் வந்தது. படித்தான். மறுபடி படித்தான். முகம் மலர்ந்தது. எழுந்து டைரக்டர் அறைக்கு ஓடினான்.

"சார், செல்லு!"

"இன்னாய்யா?"

"மெஷின்ல செல்லு புடிச்சிருக்குது சார். அவனே எழுத்துல ஒத்துக்கறான். ஐந்நூறு செல்லு! அதுல ஒண்ணுதான் கொஞ்சம் சீக்காம், மத்ததெல்லாம் நல்லா இருக்குதாம். செல்லு அரிச்ச மெஷின் புள்ளியைத் தின்னாம இன்னா பண்ணும்?"

தோல் வட்டாரத்தில் செல்லரிப்பு என்ற சொல்லைக் கேட்டால் எந்த அதிகாரிக்கும் முதுகு சில்லிடும். கோடவுனில் செல்லு ஏறினால் அந்த வருஷமே போச்சு. டைரக்டர் மேல்விசாரணை இல்லாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கண்ணாடி அறை முழுக்க டி.டி.டி. பவுடர் தூவப்பட்டது. ஏசி அணைக்கப்பட்டது. நந்தகோபால் ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றான்.

"சார், செல்லுன்னா கட்டம் சார். இங்கிலீஷ் செல்லு."

"எந்த ஊர் செல்லா இருந்தா இன்னா? மொத்தமா ஒழிச்சாச்சு."

"செல்லே இல்லன்னா நான் எண்ணை எங்க சார் போடறது?"

மருந்து தூவியவரிடம் 'செல் ஏதுமில்லை' என்று சான்றிதழ் வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். அந்த ஒரு வாரம் லோகநாதனின் கழுத்தில் காற்று சாதாரணமாகப் பட்டது. பஸ்ஸில் அவன் நந்தகோபாலுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்தான்.

அடுத்து மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, அக்குளில் குடை. என்ன விஷயம் என்று தெரியாமல் கையில் ஆம்பூர் மக்கன்பேடா ஸ்வீட் டப்பாவோடு வந்தார்.

"பாய், இந்த ஆட்டை எங்க வாங்கினீங்க?" என்றார் டைரக்டர்.

பாஷா தாளைப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "அரே! நாலரை அடி சார் இது. புள்ளி விழலை."

"புள்ளி விழுந்துதா இல்லையாங்கறதை வாரியம் முடிவு பண்ணும். ஆறு பேர் டிக் போட்டிருக்காங்க."

"அறுபது பேர் போட்டாலும் செத்த ஆடு வளராது சார்."

லோகநாதன் முன்னால் குனிந்தான். கண்ணாலேயே கெஞ்சினான். "பாய், உங்க பக்கம் ஆந்திராலேர்ந்து ஆடு வருதில்ல? அங்க மேய்ச்சல் ஜாஸ்தி. ஆடு கொஞ்சம் நல்லா வளருமில்ல?"

"வளரும். இவ்ளோ வளர்ந்தா செக்போஸ்ட்டுல மாட்டிக்கும்."

"நீங்க நேர்ல பார்க்காம இருந்திருக்கலாம்..."

"லோகநாதன் சார்," என்றார் பாஷா பொறுமையாக, "இவ்ளோ பெரிய ஆடு என் கைக்கு வந்திருந்தா நான் அறுப்பேனா? தகரக் கொட்டாய் போட்டு, டிக்கெட் வெச்சுக் காமிச்சிருப்பேன். தோல் ஷாப்பே வேணாம்னு மூடிட்டிருப்பேன்."

டைரக்டர் மேஜையைத் தட்டினார். சான்றிதழில் உள்ளபடி நானூற்றைம்பது சதுர அடித் தோலை வாரியத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். பாஷா எழுந்தார். குடையை எடுத்தார். யோசித்து மக்கன்பேடா டப்பாவையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நான் குடுத்தது நாலரை. மிச்சம் நானூத்து நாப்பத்தஞ்சரை அடி உங்க ஆபீஸ்லதான் வளர்ந்திருக்குது. இங்கயே தேடுங்க."

விசாரணை இப்படி நின்றுபோனதும் நந்தகோபால் ஒரு தப்பு செய்தான். அது கணக்கில் வராத தப்பு: டைரக்டருக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தான்.

எல்லோரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கறுப்புத் திரையில் பச்சை எண்களைக் காட்டினான். "சார், பத்துல ஒண்ணு, நூத்துல ஒண்ணுன்னு பெருக்கறது ஒவ்வொருத்தரும் தனித்தனியா பார்த்தாத்தான் சரி. ஒருத்தர் டிக்கைப் பார்த்து இன்னொருத்தர் டிக் போட்டா, முதல் ஆள் விட்டதை ரெண்டாவது ஆளும் கட்டாயம் விடுவார். அவர் விடற நிகழ்தகவு ஒண்ணு. மூணாவது ஆளுக்கும் ஒண்ணு. ஒண்ணை ஒண்ணால எத்தனை தடவை பெருக்கினாலும் ஒண்ணுதான் சார். ஆறு பேர் பார்த்தாலும் பத்துல ஒண்ணுலயேதான் நிக்கும்."

"அப்ப மத்த அஞ்சு பேர்?" என்றார் டைரக்டர்.

"சும்மா சார்."

சம்பத்துதான் முதலில் வாயைத் திறந்தான். "உன்னை யாருப்பா இதெல்லாம் கேட்டாங்க?"

டைரக்டர் நெற்றியைத் தடவினார். "இது கணக்கா, யூனியன் பிரச்சினையா?" என்றார். பிறகு, தலைமையகத்துக்கு எழுதும்போது உபயோகப்படும் என்று, ஒரு போட்டி வைத்தார். ஐந்நூறு எண் உள்ள ஒரு பழைய தாளை எடுத்து, அதில் தன் கையாலேயே பத்து தப்பு நுழைத்து, இரண்டு நகல் எடுத்தார். ஒன்று மனிதனுக்கு, ஒன்று மெஷினுக்கு. சாயங்காலத்துக்குள் பத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர் ஒடுகத்தூர்.

லோகநாதன் காலையிலிருந்து தாளைப் பார்த்தான். முதல் முறையாக, டிக் போடாமல், எண்ணைப் பார்த்தான். எண்கள் இவ்வளவு கஷ்டமானவை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று எண்களுக்கு இரண்டு புள்ளி இருந்தது, அவற்றைக் குறித்துக்கொண்டான். அதன் பிறகு எல்லா எண்ணும் சரி மாதிரியும் இருந்தது, தப்பு மாதிரியும் இருந்தது. பின்னால் ஏசி ஊதிக்கொண்டே இருந்தது. வியர்வை சொட்டி ஒரு ஆறு எட்டாக மாறியது.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஆபீஸ் காலியானது. நந்தகோபால் வழக்கம்போல மொட்டை மாடியில், வெயிலில் காய்ந்துகொண்டே சாப்பிடப் போனான். கண்ணாடிக் கதவைப் பூட்டவில்லை.

லோகநாதன் உள்ளே போனான். முதலில் குளிர்தான் தெரிந்தது. கழுத்திலிருந்து ஆரம்பித்து இறங்கியது. கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அப்புறம் திரையைப் பார்த்தான். ஐந்நூறு எண்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் 'சரி', 'சரி', 'சரி', நடுவில் ஒரு 'தப்பு'. குறுக்கே கூட்டினால் ஒரு மொத்தம், நெடுக்கே கூட்டினால் ஒரு மொத்தம், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் இன்னொரு 'தப்பு'. எண்ணிப் பார்த்தான். பதினாலு.

தாளில் குறித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு விரல் தானாக நீண்டது. ஒரு எண்ணின் மேல் ஏழு போட்டான். கீழே இருந்த மொத்தம், யாரும் சொல்லாமல், தானே மாறியது. லோகநாதன் திடுக்கிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான். மறுபடி வேறு எண் போட்டான். மறுபடி மாறியது. ஒரு சின்ன எண்ணைத் தொட்டால், மொத்தம், சராசரி, சதவீதம் என்று ஒரு குடும்பமே நகர்ந்து உட்கார்ந்தது. இத்தனை நாளாக இதை இவன் ஒருத்தனே அனுபவித்திருக்கிறான்! கூடவே பஸ்ஸில் 'பேஜார்' என்று வேறு சொல்லியிருக்கிறான்! பெண்டாட்டி விஷயத்தில்கூட லோகநாதன் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

பழையபடி எட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மூளை வேலை செய்தது. டைரக்டர் நுழைத்தது பத்து. மெஷின் காட்டுவது பதினாலு. மிச்சம் நாலு யாருடையது? தாளின் ஓரத்தில் பார்த்தான். அந்த நாலு எண்ணுக்கும் பக்கத்தில், பல வருஷத்துக்கு முந்தின மங்கிய மையில், சுருட்டி எழுதிய 'வே' நகலிலும் விழுந்திருந்தது. வேதாசலம் சரிபார்ப்பாளராக இருந்த காலத்துக் கையெழுத்து. லோகநாதன் அந்த நாலையும் விட்டுவிட்டு மீதிப் பத்தை அழகாகப் பிரதி எடுத்தான்.

சாயங்காலம் இரண்டு விடைகளும் டைரக்டர் மேஜைக்கு வந்தன. நந்தகோபால் பதினாலு. லோகநாதன் பத்து.

"சார், நீங்க எங்கெங்க வெச்சீங்கன்னு சொன்னா ஒத்துப் பார்த்துடலாம்," என்றான் நந்தகோபால்.

"அதை எழுதி வெச்சா ரகசியம் வெளியே போயிடும்னு நான் எழுதலை," என்றார் டைரக்டர். "ஞாபகத்துல வெச்சா கேட்டுடுவீங்கன்னு மறந்தும்போயிட்டேன். ஆனா பத்துங்கறது நிச்சயம்." எழுந்து நின்றார். "நண்பர்களே! பத்து தப்பு இருந்த இடத்துல மனிதக் கண் பத்தைக் கண்டுபிடிச்சது. மெஷின் நாலு ஜாஸ்தி சொல்லுது. இருக்கிற தப்பை விடறதை மன்னிக்கலாம். இல்லாத தப்பைச் சொல்றதை மன்னிக்க முடியாது. இன்னிக்கு நாலு தப்பு ஜாஸ்தி சொல்ற மெஷின் நாளைக்கு யாரையெல்லாம் சொல்லும்?"

இதற்கு விழுந்த கைதட்டல் அந்த மாடியில் அதுவரைக்கும் விழுந்ததில்லை. கோப்பில் அந்த ஆடு 'விசேஷ ஆடு' என்று பதிவாகி மூடப்பட்டது. மெஷின், ஏசி, நந்தகோபால் மூன்றும் ஒடுகத்தூருக்கு.

மறுநாள் நந்தகோபால் சாமான் கட்டும்போது லோகநாதன் போய்ப் பக்கத்தில் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நந்தகோபாலே பேசினான்.

"லோகு, நேத்து தண்ணி எடுக்க இறங்கி வந்தப்ப கண்ணாடி வழியா பார்த்தேன். அந்த முப்பத்தொண்ணாவது வரியில ஏழு போட்டுப் பார்த்துட்டு, திருப்பி எட்டு போட்டல்ல? அங்க ஒன்பதுதான் இருந்துச்சு. நான் வந்து மாத்தினேன்."

லோகநாதன் மெஷின் இருந்த ஸ்டூலைப் பார்த்தான். "ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஒடுகத்தூர். உனக்கு அந்தத் தண்ணி ஒத்துக்காது," என்று சொல்லிவிட்டு நந்தகோபால் கயிற்றை இறுக்கினான்.

அவன் போன பிறகு மூன்றாம் பிரிவில் சுடுகாற்று நின்றது. லோகநாதன் சிவப்புப் பென்சிலை எடுத்தான். கை ஓடவில்லை. 4.25 என்று ஒரு எண். அது 4.52 ஆக இருந்திருந்தால்? புள்ளி புள்ளிதானா, ஈ எச்சமா? ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பெரிய ஆடு நின்று அவனையே பார்த்தது. பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். ஐந்து பேரும் அவன் டிக்குக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முகமும் சரியில்லை. தாள்கள் குவிந்தன. ஷாப்புக்காரர்கள் மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தார்கள். இன்னொரு ஆடு வந்தால் இந்தத் தடவை போக வேண்டியது அவன்தான்.

இரண்டாவது சனிக்கிழமை லீவு. "வேலூர்ல ஒருத்தரைப் பார்க்கணும்," என்று சாவித்திரியிடம் சொன்னான். ஒரு வாரத்துத் தாள்களை லுங்கியில் சுற்றி, பையில் அடியில் வைத்து, மேலே கொய்யாப்பழம் வைத்தான். வேலூரில் பஸ் மாறினான். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எதுவும் சொல்லவில்லை. கடலைக்காடு தாண்டி, மலை தெரிய ஆரம்பித்ததும் இறங்கினான்.

கிளை ஒரு ஓட்டு வீடு. நந்தகோபால் அதிலேயே தங்கியிருந்தான். ஏசி சத்தம் தெருமுனைக்கே கேட்டது. வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே செருப்புகள்.

லோகநாதன் தோல் வாரியத்து ஆள். தோலைப் பார்த்ததில்லையே தவிர, ஆபீஸில் யார் காலில் என்ன என்பது அவனுக்குத் தெரியும். இடது குதிகால் தேய்ந்தது சம்பத்துடையது. வார் அறுந்து கம்பி போட்டது பச்சைப் பென்சில்காரருடையது. அதற்கப்புறம் நீலம், ஊதா, காவி. மூன்றாம் பிரிவே வாசலில் நின்றது. எல்லாவற்றுக்கும் முன்னால், பாலிஷ் பளபளக்க, உள்ளே காலுறையைச் சுருட்டி வைத்த ஒரு ஜோடி ஷூ.

உள்ளேயிருந்து டைரக்டரின் குரல் கேட்டது, கெஞ்சுகிற மாதிரி: "இதையும் ஒரு தடவை போட்டுப் பாரேன்பா. தலைமையகத்துக்கு மட்டும் தெரிய வேணாம்."

லோகநாதன் செருப்பைக் கழற்றினான். எங்கே விடுவது என்று பார்த்தான். ஷூவுக்குப் பின்னால் எல்லாம் பதவி வரிசைப்படியே கிடந்தன. டைரக்டரின் ஷூவுக்கும் அதற்கடுத்த பச்சைப் பென்சில்காரரின் செருப்புக்கும் நடுவில், சரியாக ஒரு ஜோடி அளவுக்கு, இடம் விட்டிருந்தார்கள்.